மேட்டுல கத்துது, ஏறமாட்டேங்குது

"ஏண்டா, வண்டி இவ்ளோ கத்துது, போகவே மாட்டேங்குதே?" பின்னாடி தேங்காய்ப் பையோட உக்காந்திருந்த அத்தை கேட்ட கேள்வி இது. மொத்த வியாதியும், அதாவது எஞ்சின் சுத்துறதைச் சக்கரத்துக்குக் கடத்துற கிளட்ச் வழுக்குறது, அந்த ஒரு வரியிலயே இருந்துச்சு, எனக்குத்தான் அது மண்டையில ஏற மூணு வாரம் ஆச்சு, நடுவுல கொஞ்சம் காசும் போச்சு.

பர்மாவுல இருக்குற எங்க மோல்மீன் வந்தவங்களுக்குத் தெரியும், இப்போ மோலமியாய்ங்னு சொல்றாங்க, ஊருக்குள்ளயே வடக்கு தெக்கா நீளமா ஒரு மேடு ஓடும், அதுக்கு மேலதான் கியாய்க்தன்லான் பயா (பகோடா, புத்தர் கோயில்). அந்த மேட்டுல ஏறுற ரோடுதான் எனக்கு வண்டி டெஸ்ட் பண்ற இடம். அன்னைக்கு கோயிலுக்குப் போற வழியில பாதி மேட்டுல நான் ஆக்சிலரேட்டரைத் திருகத் திருக எஞ்சின் ஊஊன்னு அலறுது, ஸ்பீடாமீட்டர் முள்ளு மட்டும் நீ என்னமோ பண்ணிக்கோன்னு அப்படியே நிக்குது. தீஞ்ச வாடை வேற. நான் என்ன நெனச்சேன்னா அத்தையும் தேங்காயும் வெயிட்டு ஜாஸ்தி போலன்னு. (இதை அத்தைகிட்ட சொல்லல, உயிர் முக்கியம்.)

வண்டியைப் பத்தி சொல்லிடுறேன். பெரியப்பாவோட பழைய வண்டி, ஹோண்டா சிஜி 125-ஐப் பாத்து சீனாக்காரன் செஞ்சது. ஒரிஜினல் சிஜியை ஹோண்டா 1976ல விட்டான், மேல செயின் கீயின் எதுவும் இல்லாம வால்வை நீளக் கம்பியால (புஷ்ராடு) தள்ளுற எஞ்சின், ஒழுங்கா சர்வீஸ் பண்ணாத ஆளுங்க கையிலயும் ஓடணும்னே செஞ்சது, அதனாலதான் உலகம் பூரா அதைக் காப்பி அடிச்சான். ரங்கூன்ல இருக்குற சொந்தக்காரங்களுக்கு இந்தப் பைத்தியம் புரியாது, அங்க சிட்டிக்குள்ள 2003ல இருந்தே மோட்டார் சைக்கிள் ஓட்ட விடுறதில்ல. ஆனா இங்க மோன் ஸ்டேட்ல சைக்கே (மோட்டார் சைக்கிளைத்தான் அப்படிச் சொல்லுவோம்) இல்லாம ஒண்ணும் நடக்காது, ரப்பர் தோட்டத்துக்குப் போறதுல இருந்து கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் தூக்குறது வரைக்கும் அதுதான்.

ஒரு விஷயம் என்னன்னா நம்ம ஊர்ல ஓடுறதுல முக்காவாசி கிளட்ச் லீவரே இல்லாத வண்டி, கால்ல கியரை மிதிச்சா போதும், கிளட்ச் தானா வேலை செய்யும். அதனால சின்னப் பசங்களுக்கு லீவர்ல ப்ளே (கேபிள் இழுபடுறதுக்கு முன்னாடி சும்மா ஆடுற தூரம்) எவ்ளோ இருக்கணும்ங்கிற பழக்கமே இல்ல. நானும் அப்படித்தான் வளந்தேன். பெரியப்பா வண்டி கைக்கு வந்தப்புறம்தான் இடது கைக்கும் வேலை வந்துச்சு, அதுவும் அந்த லீவர் கல்லு மாதிரி இருக்கும், ஊரைச் சுத்திட்டு வந்தா முன்னங்கை வலிக்கும். பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசில வருது.

கிளட்ச் ஸ்லிப் ஆகுதான்னு, அதாவது உள்ள ஸ்பிரிங்கால அமுங்கி ஒட்டியிருக்குற பிளேட்டு அடுக்கு வழுக்குதான்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல. எஞ்சின் நல்லா சூடானப்புறம் (சூடு இல்லாம பாத்தா ஏமாத்திடும், காலையில நல்லாத்தான் இருக்கும்) ஏத்தத்துல டாப் கியர்ல மெதுவா போய்க்கிட்டே ஒரேடியா ஆக்சிலரேட்டரைத் திருகணும். கிளட்ச் நல்லா இருந்தா எஞ்சின் திணறும், முக்கும், டொக் டொக்னு அடிக்கும், ஆனா சத்தமும் வேகமும் ஒண்ணாத்தான் ஏறும். ஸ்லிப்னா சத்தம் மட்டும் குபீர்னு ஏறிடும், வேகம் அப்புறமா நொண்டிக்கிட்டு வரும், இல்ல வரவே வராது. ஆர்பிஎம் மீட்டர் இல்லாட்டி காதே போதும். இன்னொண்ணு, நின்ன இடத்துலயே டாப் கியரைப் போட்டு முன் பிரேக்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு லீவரை மெல்ல விட்டா எஞ்சின் பொட்டுனு ஆஃப் ஆகணும். ஆஃப் ஆகாம உறுமிக்கிட்டே நின்னா பிளேட்டு வழுக்குதுன்னு அர்த்தம். அடிக்கடி இதைப் பண்ணாதீங்க, இருக்குற பிளேட்டும் கருகிடும்.

இழுவை இல்லைன்னா எல்லாம் கிளட்ச்சும் இல்ல. கார்புரேட்டர் அடைச்சிருந்தாலும், பிஸ்டன் ரிங் தேஞ்சு கம்ப்ரெஷன் போனாலும் வண்டி ஏறாது, ஆனா அப்போ எஞ்சின் அலறாது, அதுவும் சேந்து சோந்துடும். அத்தை சொன்னதைத் திரும்பப் படிங்க, கத்துது ஆனா போகல. அவ்வளவுதான் டயக்னோசிஸ்.

இப்போ என் முட்டாள்தனம். இங்க மழைன்னா சும்மா மழை இல்ல, மே மாசம் ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும், வருஷத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கு மேல கொட்டுற ஊரு. போன மழையில கிளட்ச் கேபிளுக்குள்ள தண்ணி இறங்கி துரு புடிச்சு, லீவரைப் புடிச்சாலும் கிளட்ச் முழுசா பிரியாம, சிக்னல்ல நியூட்ரலே விழாது, ஃபர்ஸ்ட் கியர்ல லீவரைப் புடிச்சிருக்கும்போதே வண்டி மெல்ல முன்னாடி நகரும். இது ஸ்லிப் இல்ல, இதுக்கு நேர் எதிர் வியாதி, பிளேட்டு விடாம ஒட்டிக்கிட்டே இருக்குறது. கேபிளை மாத்தியிருக்கணும். நான் என்ன பண்ணேன், லீவர்கிட்ட இருக்குற அட்ஜஸ்டரைத் திருகி கேபிளை டைட் பண்ணேன். நியூட்ரல் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. ஆஹா நானும் மெக்கானிக்தான்னு ஒரு வாரம் திமிரா சுத்துனேன்.

அதுல என்ன ஆச்சுன்னா லீவர்ல ப்ளேயே இல்லாம போச்சு. லீவர் நுனியை விரலால தள்ளிப் பாத்தா பத்துல இருந்து இருபது மில்லிமீட்டர் வரைக்கும் சும்மா லொடலொடன்னு வரணும், அதுக்கப்புறம்தான் ஸ்பிரிங் கனம் கைக்குத் தெரியணும். அந்த லொடலொடா இல்லைன்னா நீங்க லீவரைத் தொடாமலே யாரோ லேசா லீவரைப் புடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுற மாதிரி, ஸ்பிரிங்கால பிளேட்டை முழுசா அமுக்க முடியாது. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பியும் பாக்கணும், நேரா இருக்கும்போது ப்ளே இருக்கும், திருப்புனா கேபிள் இழுத்துக்கும். நான் எதையும் பாக்கல.

அதோட விட்டேனா? மச்சான் அவனோட ப்ரோபாக்ஸ் காருக்கு ஆயில் மாத்திட்டு டப்பால மிச்சம் இருந்துச்சுன்னு குடுத்தான், 5டபிள்யூ-30, நல்ல விலையுள்ள ஆயில்தான். இங்க எஞ்சின் ஆயிலை எஞ்சின்வைன்னு சொல்லுவாங்க, அந்தப் பேருக்கேத்த மாதிரி நானும் ஓசியில கெடைச்சதுன்னு ஊத்திட்டேன். கார்ல கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்கு வெளிய தனியா காஞ்சு போய் இருக்கும், அதனால கார் ஆயில்ல எவ்ளோ வழுக்க வைக்கிற மருந்து போட்டாலும் அதுக்குக் கவலை இல்ல, பெட்ரோல் மிச்சம். நம்ம வண்டில கிளட்ச் அதே எஞ்சின் ஆயிலுக்குள்ளதான் குளிச்சிக்கிட்டு இருக்கு. வழுக்காம புடிக்கிறதுதான் அதோட வேலையே. அதுக்குத்தான் ஜப்பான்காரன் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்குன்னு ஜாஸோன்னு தனி தரம் வச்சிருக்கான், டப்பாவுல ஜாஸோ எம்ஏ, இல்ல எம்ஏ2ன்னு இருந்தா இந்த மாதிரி ஈரக் கிளட்ச்சுக்கு, எம்பின்னு இருந்தா அது ஸ்கூட்டர் மாதிரி கிளட்ச் ஆயில்ல நனையாத வண்டிக்கு. பின்பக்கம் குட்டி எழுத்துல ஒரு கட்டத்துக்குள்ள இருக்கும், கண்ணாடி போட்டுப் பாருங்க.

ஆக ஏற்கனவே பாதி அமுங்குன பிளேட்டு, அதுக்கு மேல வழுக்குற ஆயில். அத்தையோட மேட்டுல கத்தாம என்ன பண்ணும்.

ரோட்டோரத்துல ஒரு கடையில காட்டுனேன். அங்க இருந்த பையன் ஓட்டிக்கூடப் பாக்கல, "பிளேட் போச்சு அகோ (அண்ணா), செட் மாத்தணும்"னு சொல்லி சீட்டு எழுதிட்டான். அவன் சொன்னது கடைசில உண்மைதான், ஆனா காரணத்தைப் பாக்காம பிளேட்டை மட்டும் மாத்தியிருந்தா புதுசும் ஒரு மாசத்துல கருகியிருக்கும். நானும் அவசரப்பட்டு பிளேட் செட்டை வாங்கிட்டேன், அதுதான் நான் சொன்ன காசு போன கதை, ஏன்னா முதல்ல வாங்குன செட்டு என் வண்டிக்கே சேரல, பல்லு அகலம் வேறன்னு பின்னாடி பிரிச்சப்போதான் தெரிஞ்சுச்சு. சிஜி காப்பின்னு ஒரே பேருல பத்து விதம் இருக்கு, பழைய பிளேட்டைக் கையில எடுத்துக்கிட்டுப் போய் மேல வச்சுப் பாத்து வாங்குறதுதான் வழி. தாய்லாந்து எல்லையில இருக்குற மியாவடி பக்கம் ரோடு மூடிட்டா சாமானும் வராது, கடைக்காரன் இருக்குறதைத்தான் தலையில கட்டுவான்.

அப்புறம்தான் நம்ம தெருக்கோடி சயாகிட்ட (மெக்கானிக் வாத்தியாரு) போனேன். வயசானவரு, மோன்காரரு, வாயில எப்பவும் குன்யா (வெத்தலை பாக்கு). கதையைக் கேட்டாரு, லீவரை ஒரு விரலால தட்டிப் பாத்தாரு, சிரிச்சாரு. "முதல்ல இதை லூஸ் பண்ணு, அப்புறம் எஞ்சின்வைன் மாத்து, ரெண்டு நாள் ஓட்டு, அப்புறம் வா"ன்னாரு. காசு வாங்கல. அட்ஜஸ்டரை லூஸ் பண்ணி ப்ளே வச்சேன், கேபிளையும் புதுசு போட்டேன், அது நாலு பேரு டீக்கடையில மோகிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) சாப்பிடுற காசுதான். பழசை உருவுனா உள்ள கம்பி நாலஞ்சு இழை அறுந்து முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு, அந்த முள்ளு உறையில மாட்டிக்கிட்டாலும் லீவர் முழுசா திரும்பாது, அதனாலயும் ஸ்லிப் ஆகும். கார் ஆயிலைச் சூடா இருக்கும்போதே வடிச்சு 20டபிள்யூ-50 ஜாஸோ எம்ஏ ஊத்தி, இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப வடிச்சு இன்னொரு தடவை ஊத்துனேன், ஏன்னா பழசு எவ்ளோ வடிச்சாலும் உள்ள மூலை முடுக்குல தங்கும்.

பாதி சரியாச்சு. தனியா போனா மேடு ஏறுது. முடோன் தாண்டி தன்பியூஸயாட் வரைக்கும் ஒரு வேலையா போயிட்டு வந்தேன், போக மட்டும் ஒரு அறுபது கிலோமீட்டர், சமவெளியில ஒண்ணும் தெரியல. அத்தையை ஏத்துனா திரும்பக் கத்துது. அப்போ பிளேட்டும் வெந்துடுச்சு. சரி, பிரிச்சிட வேண்டியதுதான்.

ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல சாக்கை விரிச்சு ஆரம்பிச்சோம், நானும் பெரியப்பாவும், அவரு நாற்காலி போட்டு மேற்பார்வை. ஆயிலை வடிச்சு, கிக்கர், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல் எல்லாம் இறக்கி, வலது பக்கக் கவர் போல்ட்டை ஒவ்வொண்ணா கழட்டுனேன். ஒண்ணு சொல்றேன், அந்தப் போல்ட்டு எல்லாம் ஒரே நீளம் இல்ல, அட்டையில கவர் மாதிரி படம் வரைஞ்சு அந்தந்த இடத்துல ஓட்டை போட்டுச் சொருகி வச்சிடுங்க, நீளமானதைக் குட்டை ஓட்டைல போட்டு முறுக்குனா எஞ்சின் கேஸே விரிசல் விடும். கவர் ஒட்டிக்கிட்டு வரலைன்னா ரப்பர் சுத்தியால சுத்தித் தட்டுங்க, ஸ்க்ரூட்ரைவரை நடுவுல விட்டு நெம்பாதீங்க, அலுமினியம் கீறிட்டா ஆயுசுக்கும் ஆயில் கசியும்.

கிளட்ச் முகத்துல நாலு ஸ்பிரிங் போல்ட்டு. ஒண்ணை மட்டும் முழுசா கழட்டாம எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணணும். முதல் போல்ட்டு கையோட வந்துச்சு, ஸ்பிரிங்கை எடுத்தேன், கூடவே டிங்குனு ஒண்ணு சாக்குல விழுந்து உருண்டுச்சு. வாஷர். அடுத்த ஸ்பிரிங்லயும் ஒண்ணு. நாலுலயும் ஒண்ணு ஒண்ணு. கம்பெனி எங்கயும் அப்படிப் போடமாட்டான். நான் அதைக் கையில வச்சுக்கிட்டுப் பாக்குறேன், பெரியப்பா வானத்தைப் பாக்குறாரு.

"பெரியப்பா, இது என்னா?"

"அது... அப்போ தட்டோன்ல இருந்து அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு வருவேன்ல, கிளட்ச் வழுக்குச்சு, ஸ்பிரிங் கெடைக்கல, போட்டேன். பத்து வருஷம் ஓடுச்சா இல்லையா?"

ஓடுச்சுதான். ஸ்பிரிங் சோந்து போனா வாஷர் குடுத்து இன்னும் கொஞ்சம் அமுக்கி வைக்கிறது பழைய கை வைத்தியம், அவசரத்துக்கு வீடு வந்து சேர உதவும், அதைக் கேவலமா பேசமாட்டேன். ஆனா அப்படியே விட்டா ஒவ்வொரு தடவையும் கை அந்த எக்ஸ்ட்ரா கனத்தை இழுக்கணும், கேபிள் இழுபட்டு இழுபட்டு இழை அறும். என் முன்னங்கை வலிச்சதுக்கும், கேபிள் இத்துப்போனதுக்கும் காரணமான ஆளு நாற்காலில உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்காரு. பழைய ஸ்பிரிங்கையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சா பழசு ரெண்டு மில்லிமீட்டர் குட்டை, கண்ணுக்கே தெரியுது.

நடு நட்டு இருக்கே, அதுதான் வில்லன். நாலு பள்ளம் வெட்டுன வட்ட நட்டு, சாதா ஸ்பேனர் பிடிக்காது. சிலர் உளியை வச்சு சுத்தியால தட்டிக் கழட்டுறாங்க, தயவு செஞ்சு வேணாம். சயாகிட்ட இரும்புப் பைப்பு நுனியை நாலு பல்லா அறுத்து, பின்னாடி ஒரு நட்டு வெல்டு பண்ண கருவி இருந்துச்சு, இரவல் வாங்கிட்டு வந்தேன். கியர்ல போட்டு பெரியப்பா பின் பிரேக்கை கையால அமுக்க (பெடலைத்தான் கழட்டிட்டோமே, ராடைப் புடிச்சு இழுத்தாரு), நான் தொங்க, மூணாவது முயற்சில படக்குனு விட்டுச்சு. நட்டுக்குப் பின்னாடி இருக்குற வாஷர் எந்தப் பக்கம் வெளிய பாத்துச்சுன்னு ஃபோன்ல படம் எடுத்துக்கிட்டேன்.

பிளேட்டு மொத்தமா கையில வந்துச்சு. என் வண்டில அஞ்சு ஃப்ரிக்ஷன் பிளேட்டு, நடுநடுவுல நாலு ஸ்டீல் பிளேட்டு. ஃப்ரிக்ஷன் பிளேட்டுல சின்னச் சின்னக் கட்டம் கட்டமா ஒட்டியிருக்கும், புதுசுல தொட்டா அட்டை மாதிரி சொரசொரப்பா இருக்கும். என்னுது கண்ணாடி மாதிரி மினுமினுன்னு கறுப்பு, மோந்து பாத்தா கருகுன சோறு வாடை, ஒரு பிளேட்டுல ரெண்டு கட்டத்தைக் காணவே காணோம். தடிமன் அளக்குற வெர்னியர் வச்சா புதுசு மூணு மில்லிமீட்டர், பழசு ரெண்டரைக்குக் கிட்ட. பிளேட்டுக்கு அரை மில்லிமீட்டர்தானேன்னு தோணும், அஞ்சு பிளேட்டுக்கும் சேத்தா ரெண்டரை மில்லிமீட்டர், அவ்ளோ தூரம் ஸ்பிரிங் விரிஞ்சு கொடுத்திருக்கு, விரிஞ்ச ஸ்பிரிங்குக்கு அமுக்குற பலம் ஏது. காணாம போன ரெண்டு கட்டத்தை அப்புறம் கண்டுபிடிச்சோம், கிராங்க் முனையில சுழலுற ஆயில் ஃபில்டர் மூடியைத் திறந்தா உள்ள தார் மாதிரி கசடு, அதுக்குள்ள தூளா கெடக்கு. கவரைத் திறந்தீங்கன்னா இதைச் சுத்தம் பண்ணாம மூடாதீங்க, திரும்பத் திறக்க மாட்டீங்க.

ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல படுக்க வச்சு ஓரத்துல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடு) விட்டுப் பாத்தேன், 0.2 மில்லிமீட்டர் இலை நுழையக் கூடாது. ரெண்டு பிளேட்டுல நுழைஞ்சுச்சு, அதுலயே நீலம் பாஞ்ச தழும்பும் இருந்துச்சு, சூட்டுல வெந்த அடையாளம். நாலையும் மாத்திட்டேன். ஹவுசிங் (பிளேட்டு உக்காருற கூடை) பள்ளத்துல பிளேட்டுப் பல்லு குத்துன தடம் லேசாத்தான் இருந்துச்சு, அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்து விட்டேன்.

பழைய பிளேட்டை உப்புத்தாள் போட்டுத் தேச்சு, டாஸியில கழுவி (பெட்ரோலைத்தான் சொல்றேன்) திரும்பப் போடலாமான்னு பெரியப்பா கேட்டாரு. மினுமினுப்பு மட்டும்னா, கனம் இருந்தா, யோசிக்கலாம். கட்டமே உதிர்ந்ததுக்கு அப்புறம் அது பிச்சைக்காரன் சட்டைக்கு பட்டன் தைக்கிற வேலை.

புது பிளேட்டை ராத்திரி பூரா தட்டுல ஆயில் ஊத்தி ஊற வச்சு மறுநாள்தான் மாட்டுனேன். இதை நெறைய பேரு பண்றதில்ல, காஞ்ச பிளேட்டை அப்படியே மாட்டி ஸ்டார்ட் பண்ணா ஆரம்பத்துலயே கருகிடலாம். ஃப்ரிக்ஷன், ஸ்டீல், ஃப்ரிக்ஷன், ஸ்டீல்னு மாத்தி மாத்தி அடுக்கி, முதலும் கடைசியும் ஃப்ரிக்ஷன் வர்ற மாதிரி வச்சு, நடு நட்டை இறுக்கி, புது ஸ்பிரிங், எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா போல்ட்டு. அந்தப் போல்ட்டு ஆறு மில்லிமீட்டர்தான், பலசாலித்தனம் காட்டுனா முறிஞ்சு உள்ளயே நின்னுடும். கேஸ்கெட் பழசைச் சுரண்டுறதுக்கே ஒரு மணி நேரம். ஆயில் ஏறக்குறைய ஒரு லிட்டர், ஸ்டிக்ல பாத்து ஊத்தி, கடைசியா லீவர்ல பதினஞ்சு மில்லிமீட்டர் ப்ளே வச்சு லாக் நட்டை இறுக்குனேன்.

சாயங்காலம் மேட்டுக்குப் போனேன், பெரியப்பாவைப் பின்னாடி ஏத்திக்கிட்டு, அவரு அத்தையை விட வெயிட்டு. டாப் கியர்ல பாதி மேட்டுல முழுசா திருகுனேன். எஞ்சின் முக்கி முனகி கெஞ்சுச்சு, அலறல, கியரைக் குறைன்னு சொல்லுச்சு, குறைச்சேன், ஏறிடுச்சு. லீவர் இப்போ ரெண்டு விரல்ல வருது. நூறு கிலோமீட்டர் ஓடுனதுல புது பிளேட்டு படிஞ்சு ப்ளே கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, திரும்ப வச்சேன். மச்சான் மிச்ச ஆயிலுக்கு மறுபடி ஃபோன் பண்ணான், வீட்டு கேட்டு கீலுக்கு விடுறேன் குடுன்னு சொல்லி வாங்கி வச்சிருக்கேன்.

வாஷர் நாலையும் தூக்கிப் போடப் போனேன், பெரியப்பா விடல. கைலி முனையால துடைச்சு, துரு புடிச்ச பிஸ்கட் டப்பாவுல போட்டு மூடி வச்சுக்கிட்டாரு, "எதுக்காவது ஆகும்டா".